சாட்டையை உயர்த்தாத நாள்

பதுளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவே இருக்கிற மலைப்பாதையில் இத்ரூஸ் இருபத்து மூன்று வருஷம் மாட்டு வண்டி ஓட்டினார். அந்த நாளில் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளைக் கடைகளுக்கு வேண்டிய அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், துணி எல்லாம் அங்கிருந்து வண்டியில்தான் இறங்க வேண்டும். தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் அதே வண்டிகளில் மேலே ஏறிப் போகும். ஹாலிஎலயைத் தாண்டிவிட்டால் பாதையின் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். இரண்டு வண்டிகள் விலகிப் போகக்கூடிய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தப் பாதையில் வண்டிக்காரர்களுக்குள் சில வழக்கங்கள் இருந்தன. யாரும் எழுதிவைத்ததில்லை. சுமையோடு ஏறி வரும் வண்டிக்கு இறங்கி வரும் வண்டி வழிவிட வேண்டும். அகலமான இடம் பார்த்து மலைப்பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும். வளைவு வருவதற்கு முன் "வண்டி வருதோய்!" என்று குரல் கொடுக்க வேண்டும். பெரிய பாதையிலிருந்து தோட்டத்துப் பாதைக்குத் திரும்புகிறவன், திரும்பப்போகிற பக்கமாகச் சாட்டைக் கம்பை நீட்டிப் பிடிக்க வேண்டும். பின்னால் வருகிறவன் அதைப் பார்த்து மாட்டை இழுத்துப் பிடிப்பான்.

இத்ரூஸ் இதில் கொஞ்சம் அதிகப்படியான ஆள். பின்னால் ஒருவரும் இல்லாவிட்டாலும் சாட்டையை நீட்டுவார். கொட்டும் மழையில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கை நடுங்க நடுங்க நீட்டிக்கொண்டே திரும்புவார். அவரை 'நானா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் மற்ற வண்டிக்காரர்கள் சிரிப்பார்கள். "யாருக்கு நானா காட்டுறீங்க, குரங்குக்கா?" என்று ஒருவன் கேட்டதற்கு, "குரங்கும் பாதையிலதானே போகுது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். குருவிமலைத் தோட்டத்து வண்டிக்காரன் ரெங்கசாமி இந்தக் கதையைத் தெமோதரை வரைக்கும் பரப்பிவிட்டான்.

ரெங்கசாமியும் அவரும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். ரெங்கசாமி தோட்டத்து லயத்தில், வரிசை அறைகளில் ஒன்றில், பெண்டாட்டி கருப்பம்மாவோடும் மூன்று பிள்ளைகளோடும் இருந்தான். தோட்டத்து வண்டி, தோட்டத்து மாடு. அவனுக்குச் சொந்தம் சாட்டை மட்டும்தான். இத்ரூஸுக்குச் சொந்த வண்டி. அந்த வித்தியாசத்தை இரண்டு பேரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பாதையில் எதிர்ப்பட்டால் வண்டிகளை நிறுத்தி, வெற்றிலை மாற்றிக்கொண்டு, மாடுகள் மூச்சு வாங்கும் வரை பேசிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் வந்த மோட்டார்களைப் பற்றி இத்ரூஸ் குறை சொன்னதில்லை. அவை இரண்டு மூன்றுதான். துரைமார் தாங்களே ஓட்டி வந்தார்கள். மாடு மிரளும் என்று தெரிந்து தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இயந்திரத்தையே நிறுத்திவிட்டு, வண்டி கடந்து போகும் வரை தொப்பியைக் கழற்றி முகத்துக்கு விசிறிக்கொண்டிருப்பார்.

ஜெர்மனியோடு நடந்த பெரிய சண்டை முடிந்தபிறகு எல்லாம் மாறிவிட்டது. மோட்டார்கள் மழைக்காலத்து ஈசல் மாதிரிக் கிளம்பின. துரைமாருக்குக் கார், வியாபாரிகளுக்கு லொறி. ஓட்டுகிறவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தவனுக்குத்தான் மதிப்பு. கார் ஓட்டுகிறவன் திரும்புவதற்கு முன் கையை வெளியே நீட்ட வேண்டும் என்று சட்டம் இருப்பதாகச் சொன்னார்கள். நீட்டியவர்கள் குறைவு. வளைவில் ஹோன் அடிப்பதும் அவரவர் மனசு. மாடுகளுக்குப் பின்னால் வந்து நின்று, வழிவிடும் வரை விடாமல் அடிக்க மட்டும் எல்லோரும் கற்றிருந்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதாம் வருஷம், மார்கழி மழையில், தெமோதரைக்குக் கீழே ஒரு வளைவில் இத்ரூஸின் வலது மாடு விழுந்தது. அவர் குரல் கொடுத்துக்கொண்டுதான் ஏறினார். மேலிருந்து வந்த கார் ஹோன் அடிக்கவில்லை. வளைவை உள்பக்கமாக வெட்டிக்கொண்டு நேராக வந்தது. மாடு மிரண்டு, பாதையோரத்து வடிகானில் காலை விட்டு, முறித்துக்கொண்டது. கார் நிற்கவில்லை. பின்சீட்டில் இருந்த யாரோ திரும்பிப் பார்த்தது மட்டும் தெரிந்தது. மழையில் அந்த மாட்டின் பக்கத்தில் இத்ரூஸ் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஹாலிஎலயிலிருந்து ஆளைக் கூட்டி வந்து அறுக்கக் கொடுத்தார். அந்த இறைச்சியில் ஒரு துண்டுகூட அவர் வீட்டுக்குப் போகவில்லை.

பொலிஸில் சார்ஜன் கேட்ட முதல் கேள்வி, "காரின் நம்பர் என்ன?"

இத்ரூஸுக்கு நம்பர் வாசிக்கத் தெரியாது. அரபு எழுத்துத் தெரியும், தமிழில் பேர் எழுதுவார், இங்கிலீஸ் இலக்கம் பழகவில்லை. சார்ஜன் புத்தகத்தை மூடிவிட்டார்.

வீட்டில் அவர் மனைவி ஸுபைராவுக்கு அந்த இலக்கங்கள் தெரியும். தையல் வேலை செய்கிறவள். நூல் கட்டைகளின் தலையில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்துப் பார்த்து அவளாகவே பழகிக்கொண்டது. நூல் கட்டைகளை வரிசையாகப் பாயில் நிறுத்திவைத்தாள்.

"இஞ்ச பாருங்க, இது நாலு. கதிரையக் காலு மேல தெரியக் கவுத்துவெச்ச மாதிரி ஈக்குது பாருங்க."

நாற்பத்திரண்டு வயதில் இத்ரூஸ் பத்து நாளில் இலக்கம் படித்தார். அதன்பிறகு பாதையில் போகும் ஒவ்வொரு மோட்டாரின் பின்னாலும் கண்ணை ஓட்டி, உதடு அசைய வாசிப்பார். இரண்டு மாதம் கழித்து இன்னொரு கார் அவரைப் பள்ளத்துப் பக்கமாக ஒதுக்கிவிட்டுப் போனபோது, நம்பரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே பதுளை வரை வந்து, சார்ஜனிடம் ஒப்புவித்தார்.

சார்ஜன் எழுதவில்லை. "இது யாருடைய கார் தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். பிறகு எழுந்து வெளியே வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்தார். வண்டியின் பக்கத்தில் சொந்தக்காரன் பேர் எழுதியிருந்த பலகையில் பூச்சு மங்கியிருந்தது. அதற்கு வழக்குப் போட்டார். இத்ரூஸ் நீதிமன்றத்தில் நின்று, குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"எங்கட பேர வாசிக்கேலாம ஈந்திச்சாம்" என்று ஸுபைராவிடம் சொன்னார்.

சாட்டையை நீட்டுவதை அவர் ஒரே நாளில் விட்டுவிடவில்லை. ஹாலிஎலச் சந்தியில் ஒரு நாள் கை பாதி தூரம் உயர்ந்து, பிறகு மடிக்கே திரும்பிவிட்டது. வண்டி திரும்பியது. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு இடத்தில் நீட்டவில்லை. அதற்குப் பிறகு கணக்கு இல்லை. வளைவில் குரல் கொடுப்பதையும் விட்டார். பின்னால் ஹோன் அடித்தால் முன்பெல்லாம் உடனே ஒதுங்குவார். இப்போது காது கேளாதவர் போல நடுப்பாதையிலேயே மாடுகளை விட்டார். லொறிக்காரன் கத்தக் கத்த அவருக்குள் ஏதோ ஒன்று ஆறியது. வீட்டுக்குள் நுழையும்போது ஸலாம் சொல்லவும் சில நாள் மறந்துவிடுவார். ஸுபைரா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, வந்தது அவர்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது.

அவர் மட்டும் அப்படி ஆகவில்லை. பாதை முழுவதுமே அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. இறங்கும் வண்டிக்காரர்கள் நிற்பதில்லை. ஏறும் வண்டிக்காரர்கள் திட்டினார்கள். சாட்டைகள் இப்போது திசை காட்டவில்லை, அடுத்தவன் மாட்டின் முகத்தில் வீசப்பட்டன.

ஒரு நாள் காலையில் இத்ரூஸ் பாரமில்லாமல் கீழே இறங்கி வந்தார். ஒரு வளைவில் எதிரே ரெங்கசாமி உர மூட்டைகளோடு ஏறி வந்தான். நியாயப்படி நிற்க வேண்டியவர் இத்ரூஸ். ஒதுங்குவதற்கு அகலமான இடம் அவருக்குப் பின்னால் இருபது அடியில்தான் இருந்தது. அதைத் தாண்டி வந்துவிட்டார். இரண்டு ஜோடி மாடுகளும் மூக்கோடு மூக்கு நின்றன.

"நானா, கொஞ்சம் பின்னுக்கு எடுங்க. என் மாடு முட்டி போட்டுரும் போல இருக்கு" என்றான் ரெங்கசாமி.

"நான் யாருக்கும் பின்னுக்குப் போற இல்ல."

ரெங்கசாமி விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"நான் லொறிக்காரன் இல்லீங்களே நானா. நான் ரெங்கசாமி."

"யாரா ஈந்தா என்ன? எனக்கு யாராவது நிண்டாங்களா?"

வெயில் ஏறும் வரை இருவரும் அப்படியே நின்றார்கள். இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்துவிட்டன. கடைசியில் ரெங்கசாமி இறங்கி, மாடுகளை அவிழ்த்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் துணையோடு உர மூட்டை ஏற்றிய வண்டியைக் கையாலேயே அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு இறக்கினான். அவன் உள்ளங்கைகளில் தோல் உரிந்தது. இத்ரூஸ் கடந்து போகும்போது அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னிக்கி நான் பின்னுக்குப் போறேன் நானா. நாளைக்கி நானும் போகமாட்டேன். அப்பறம் இந்த ரோட்டுல யாருதான் போறது?"

இத்ரூஸ் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இருவரும் வெற்றிலை மாற்றிக்கொள்ளவில்லை.

இது நடந்து நாலைந்து மாதம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை, பத்து மணிப் பொழுது. பதுளைக் கடையொன்றிலிருந்து குருவிமலைத் தோட்டத்துக்கு அரிசி ஏற்றிக்கொண்டு இத்ரூஸ் போனார். மழை விட்டிருந்தது; மலையிலிருந்து புகார் பனிமூட்டமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்துப் பாதை பெரிய பாதையிலிருந்து வலது பக்கமாகப் பிரிந்து, மலையைக் குடைந்து வெட்டிய பாறைக்கு நடுவே ஏறும். பின்னால் லொறிச் சத்தம் கேட்டது. ஹோன் ஒரு தரம் அடித்தது. கொஞ்ச நேரம் பொறுத்து, இன்னொரு தரம். சாதாரணமாக லொறிக்காரர்கள் அப்படி இடைவெளி விட்டு அடிப்பதில்லை. அது அவர் காதில் விழுந்தது. இருந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று இருந்தது. சாட்டை மடியில் கிடந்தது. மூக்கணாங்கயிற்றை வலப்பக்கமாக இழுத்தார்.

அந்த நேரம் லொறி அவரைத் தாண்டுவதற்காக வலப்பக்கமாக ஏறிவிட்டிருந்தது. ஓட்டி வந்தவன் நிஸாம் என்ற இருபத்தெட்டு வயதுக்காரன். பண்டாரவளை வியாபாரி ஒருவரின் லொறி. பதுளையில் சாமான் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிக்கொண்டிருந்தது. தாண்டப் போகிறேன் என்று காட்டுவதற்காக அவன் வலது கையை முழங்கைக்கு மேல் வரை வெளியே நீட்டியிருந்தான். முன்னால் மாடுகள் திடீரென்று குறுக்கே திரும்பியதும், அவற்றின் மேல் மோதாமல் இருக்க வலப்பக்கமாகவே ஒடித்தான். மாடுகளுக்கு ஒரு கீறல் இல்லை. லொறி பாறையோடு பாறையாக உரசிக்கொண்டு போய் நின்றது. வெளியே நீட்டியிருந்த கை, லொறிக்கும் பாறைக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டது.

இத்ரூஸ் வண்டியிலிருந்து குதித்து ஓடினார். அவனைப் பார்த்தபிறகுதான் யார் என்று தெரிந்தது. அந்தப் பாதையில் மாட்டு வண்டியைக் கண்டால் வேகம் குறைக்கிற, கையை நீட்டிக்காட்டுகிற லொறிக்காரன் ஒருவன் இருந்தானென்றால் அது அவன்தான். எதிரே வந்தால் ஸலாம் சொல்லிவிட்டுப் போவான். இத்ரூஸ் பல நாளாக அந்த ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் விட்டிருந்தார்.

அவனை வெளியே எடுப்பதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். முதலில் வந்தவன் ரெங்கசாமி. தேயிலைப் பெட்டிகளோடு தோட்டத்துப் பாதையில் இறங்கி வந்தவன், ஏறி வரும் வண்டிக்காக மேலேயே நின்றிருந்தானாம். கொழுந்து பறிக்கும் பெண்கள், பாதை வேலைக்காரர்கள், பின்னால் வந்த இரண்டு வண்டிக்காரர்கள் என்று கூட்டம் சேர்ந்தது. இத்ரூஸ் தன் தலைப்பாகையைக் கிழித்து நிஸாமின் கையைக் கட்டினார். நடந்ததை அவர் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. எல்லோரும் அவருக்காகச் சொன்னார்கள்.

"எங்க நானா சாட்டை காட்டாம ஒருநாளும் திரும்பமாட்டாரு. குரங்குக்கே காட்டுற மனுசன்."

"லொறிக்காரனுகதான் எதையும் பாக்குறதில்லையே."

சார்ஜன் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது, ரெங்கசாமி முன்னால் போய் நின்றான். "நான் என் கண்ணால பாத்தேனுங்க. சாட்டைய வலது பக்கமா நல்லா நீட்டிக்கிட்டுத்தான் திரும்புனாரு" என்றான். சார்ஜன் அதை எழுதி, அவன் பெருவிரலை மையில் தோய்த்து, ரேகை வாங்கிக்கொண்டார். பிறகு இத்ரூஸைப் பார்த்து, "அப்படித்தானே?" என்றார்.

இத்ரூஸின் தலை அசைந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் நிஸாமின் கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இத்ரூஸ் எட்டாம் நாள் பார்க்கப் போனார். கட்டில் ஓரத்தில் அவன் தாய் ரஹ்மத்தும்மா உட்கார்ந்து, கோப்பையிலிருந்து கரண்டியால் அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். விதவை, ஒரே மகன். இத்ரூஸ் யார் என்று தெரிந்ததும் எழுந்து தன் இடத்தைக் காட்டினாள்.

"உக்காருங்க தம்பி. ஒரு வாரமா வேற யாரும் எட்டிப் பார்க்கல்ல. முதலாளி ஆளக்கூட அனுப்பல்ல. நீங்கதான் தலப்பாவக் கிழிச்சிக் கட்டினதாம். இல்லாட்டி ரத்தம் போயே மௌத்தாப்போயிருப்பான்னு டொக்டர் சொன்ன."

இத்ரூஸ் உட்காரவில்லை. நிஸாம் தலையணையில் முகத்தைத் திருப்பினான்.

"நானா, என் மேல கோவமா?"

"எனக்கு என்னத்துக்குக் கோவம்?"

"ஒங்கட மாட்டில மோதப் பார்த்தேனே. நான் ரெண்டு தரம் ஹோன் அடிச்ச. நீங்க சாட்டையத் தூக்கித்தான் ஈப்பீங்க. எனக்குத்தான் காணல்ல. புகார்ல காணல்லயா, கண் வேற எங்கயும் போச்சா, ஒண்டும் வெளங்கல்ல. படுத்துக்கிட்டு அதத்தான் யோசிக்கிறேன். எப்படி எனக்குக் காணாமப் போச்சு?"

சொல்வதற்காகத்தான் இத்ரூஸ் அங்கே போயிருந்தார். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை அந்த வார்த்தைகளைத்தான் அடுக்கிக்கொண்டு நடந்தார். ரஹ்மத்தும்மா கரண்டியைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொண்டுபோன வாழைப்பழச் சீப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு, "சொகமாகும், சொகமாகும்" என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வழக்கு நாளன்று இத்ரூஸைச் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள். நீதிமன்ற வராந்தாவில் வெறுங்காலோடு காலையிலிருந்து நின்றார். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்ததாகப் பிறகு ஸுபைராவிடம் சொன்னார். அவரைக் கூப்பிடவே இல்லை. நிஸாம் கூண்டில் ஏறி, மொழிபெயர்ப்பாளர் கேட்ட உடனேயே, "குற்றம் என்னுடையதுதான். நான் கவனிக்கவில்லை" என்று ஒப்புக்கொண்டுவிட்டான். லொறிக்காரர்களின் அடாவடி எல்லை மீறிவிட்டது, இது மற்றவர்களுக்கும் பாடமாக இருக்க வேண்டும் என்று நீதவான் சொன்னதாகத் தமிழில் சொன்னார்கள். லைசன்ஸைப் பறித்து, மூன்று மாதச் சிறை கொடுத்தார்கள். ஒற்றைக் கைக்காரனுக்கு விலங்கு மாட்டத் தெரியாமல் பொலிஸ்காரன் தடுமாறியதையும், கடைசியில் தன் கையோடு சேர்த்துப் பூட்டிக்கொண்டதையும் இத்ரூஸ் வராந்தாவிலிருந்து பார்த்தார்.

அந்த மூன்று மாதமும் அவர் வண்டி ஓட்டினார். ஓட்டாமல் எப்படிச் சாப்பிடுவது? ஒவ்வொரு சந்தியிலும் சாட்டையை நீட்டினார். கை வலிக்கும் வரை, திரும்பி முடிந்த பிறகும், நீட்டிக்கொண்டே போனார். கண்டவர்கள் அவரை முன்னைவிட மேலாகப் பேசினார்கள். அதைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று ஸுபைரா சொல்வாள்.

நிஸாம் விடுதலையான மூன்றாம் நாள், பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, பண்டாரவளையில் அவன் வீட்டுக்குப் போனார். ரஹ்மத்தும்மா கிணற்றடிக்குப் போயிருந்தாள். நிஸாம் வாசலில் உட்கார்ந்து, கால் விரல்களுக்கு நடுவே ஒரு கயிற்றுத் துண்டைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் முடிச்சுப் போடப் பழகிக்கொண்டிருந்தான்.

இத்ரூஸ் நின்றபடியே சொன்னார். "நான் சாட்டையத் தூக்கல்ல, நிஸாம். ஒன்ட ஹோன் எனக்குக் கேட்டிச்சு. கேட்டுத்தான் திரும்பின."

நிஸாம் முடிச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் எழுந்து அடித்துவிடுவான் என்று இத்ரூஸ் நினைத்தார். அடித்தால் நல்லது என்றும் இருந்தது. அவன் கேட்டது ஒரே கேள்வி.

"ஏன்?"

இத்ரூஸ் மாடு விழுந்ததைச் சொன்னார். நம்பர் படித்ததை, பேர்ப் பலகையை, அபராதத்தைச் சொன்னார். சொல்லிக்கொண்டு போகும்போதே அதெல்லாம் வேறு யாருக்கோ எதிரான வழக்கு என்று அவருக்கே புரிந்தது. பாதியில் நிறுத்திவிட்டார்.

"அந்தக் கார்க்காரன் செஞ்சதுக்கு எனக்கா காட்டாம உட்டீங்க?"

"நீ எண்டு தெரியாது."

"தெரிஞ்சா காட்டியிருப்பீங்களா?"

நிஸாம் கயிற்றைக் கீழே போட்டான்.

"நீங்க இதச் சொல்லாமலே ஈந்திருக்கலாம், நானா. ஜெயில்ல படுத்துக்கிட்டு, பிழை என்ட பக்கம்தான், ஆனா ரோட்டில ஒழுங்கா ஓட்டுற மனுசர் ஒருத்தராவது ஈக்கிறார் எண்டு நெனச்சிக்கிட்டு ஈந்தேன். இப்ப அதும் இல்ல."

பிறகு, "போங்க. உம்மா வாற நேரம்" என்றான்.

மறுநாள் இத்ரூஸ் நேராகப் பொலிஸுக்குப் போனார். அதே சார்ஜன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பழைய புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். ரெங்கசாமியின் பெருவிரல் ரேகை நீலமாக இருந்தது.

"கண்ணால் பார்த்த சாட்சி இருக்கிறது. நீ சொல்வது மெய்யென்றால் இவன் பொய் சொல்லியிருக்கிறான். நீ மட்டும் போய்ச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். இவனையும் கூட்டி வா. வந்தால் பொய்ச் சாட்சிக்கு இவனை உள்ளே தள்ளுவேன், அதையும் சொல்லிவை."

ரெங்கசாமி நல்லெண்ணத்தில், தூரத்தில் சரியாகத் தெரியாமல் சொல்லியிருப்பான் என்றுதான் இத்ரூஸ் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். லயத்துக்குப் போனார். ரெங்கசாமி மாட்டுக் கொட்டகையில் புல் அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். கருப்பம்மா வாசலில் நின்றாள். எருமுட்டி வழக்கத்துக்கு மேல் புகைந்துகொண்டிருந்தது.

"ரெங்கசாமி, அண்டைக்கி ஒனக்குச் சரியாத் தெரியல்லதானே? நான் சாட்டைய நீட்டல்ல."

ரெங்கசாமி அரிவாளைக் கீழே வைத்தான். "தெரியும் நானா. நான் மேல நின்னு முழுசாப் பாத்தேன். நீங்க நீட்டல. அந்தப் பய கைய நீட்டிக்கிட்டு வந்ததையும் பாத்தேன்."

"பொறகு ஏன் அப்படிச் சொன்ன?"

"நீங்க வண்டிக்காரரு. அவன் லொறிக்காரன்." அவன் குரலில் வெட்கமோ கோபமோ இல்லை. "அவனுக எத்தன பேர உருட்டிவிட்டுட்டுப் போயிருக்கானுக. ஒருத்தனாவது மாட்டட்டும்னு நெனச்சேன். எந்த ஒருத்தன்னு அப்ப யாரு பாத்தா? என்னைய வளைவுல நிக்கவச்சப்போ நீங்க பாத்தீங்களா?"

இத்ரூஸ் வந்த காரியத்தைச் சொல்லி முடிப்பதற்குள், கருப்பம்மா முன்னால் வந்தாள்.

"நானா, ஒங்கள கையெடுத்துக் கும்புடுறேன். இவர உள்ள போட்டா நாளைக்கே தொரை பேர வெட்டி, பத்துச்சீட்டக் குடுத்து லயத்த விட்டு வெரட்டிருவாரு. மூணு புள்ளைங்கள இழுத்துக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்? அந்தப் பயலுக்குக் கை போனது போனதுதானுங்களே. திரும்ப மொளைக்கவா போகுது?"

அவள் பிள்ளைகள் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்ரூஸ் இறங்கி நடந்தார். அதற்குப் பிறகு பொலிஸுக்குப் போகவில்லை. நிஸாமுக்காக ரெங்கசாமியின் குடும்பத்தை நடுத்தெருவில் விடுவதா, ரெங்கசாமிக்காக நிஸாமின் பேரைச் சேற்றில் விடுவதா என்று அவர் எவ்வளவு நாள் யோசித்தார் என்பது ஸுபைராவுக்கும் தெரியாது. யோசித்துக்கொண்டிருக்கும்போதே காலம் போய்விட்டது. போனதுதான் முடிவு என்று ஆகிவிட்டது.

மாடுகளை ஹாலிஎலக்காரர் ஒருவருக்கு விற்றார். வண்டியை விறகுக்கு உடைத்தார். பதுளை வரை ரயில் வந்த வருஷத்தில் ஸ்டேஷனில் மூட்டை தூக்கும் வேலைக்குப் போனார். நாற்பத்தேழு வயதுக்கு அது கனமான வேலை. ரெங்கசாமி அதே தோட்டத்தில் இருந்தான். வண்டிக்குப் பதிலாகத் தோட்டத்துக்கும் ஒரு லொறி வந்துவிட்டதால், அவனை மண்வெட்டி வேலைக்கு மாற்றியிருந்தார்கள். பெரிய பாதையில் விபத்துகள் கூடின. ஒரு பெருநாளைக்கு முந்தின நாள், இரண்டு லொறிகள் நேருக்கு நேர் வந்து ஒன்று பள்ளத்தில் போனது. இரண்டு டிரைவர்களும் ஹோன் அடித்ததாகவே சத்தியம் செய்தார்களாம். அந்தச் செய்தியை யாரோ ஸ்டேஷனில் சொன்னபோது, இத்ரூஸ் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அப்பால் போய்விட்டார்.

நிஸாமுக்கு ஒரு கையோடு பண்டாரவளையில் வேலை கிடைக்கவில்லை. கவனமில்லாமல் ஓட்டி ஜெயிலுக்குப் போனவன் என்ற பேரும் இருந்தது. கொழும்புக்குப் போனான். முதலில் இரண்டு கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. போவதற்கு முன் தாயிடம் அவன் உண்மையைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று யாருக்கும் தெரியாது.

தனியாகிப்போன ரஹ்மத்தும்மா, பதுளையில் தன் தங்கை வீட்டோடு வந்து சேர்ந்தாள். அது இத்ரூஸ் வீட்டிலிருந்து நாலாவது வீடு. நோன்பு மாதத்தில் தினமும் மாலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு மூடிய சட்டியில் கஞ்சி கொண்டுவந்து ஸுபைராவிடம் கொடுப்பாள்.

"என்ட மகன்ட உசுரக் காப்பாத்தின மனுசர். அவருக்குக் குடுங்க. சூடா ஈக்குது."

ஸுபைராவுக்கு எல்லாம் தெரியும். வாங்காமல் இருக்கவும் முடியவில்லை. சட்டியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைப்பாள். பாங்கு சொன்னதும் இத்ரூஸ் தண்ணீரால் நோன்பைத் திறப்பார். கஞ்சியைத் தொடமாட்டார். அது ஆறி, மேலே ஆடை கட்டும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு எழுந்து, கஞ்சியை வேறு கோப்பைக்கு மாற்றிவிட்டு, சட்டியைத் தானே கழுவி, மறுநாள் ரஹ்மத்தும்மா வந்து எடுத்துப் போவதற்காக வாசல் படியில் கவிழ்த்து வைப்பார்.